பன்னிரண்டு வரிச் சீட்டு

வாசகர் கடிதம்:

ஐயா, வணக்கம். 2001இல் பொறியியல் கலந்தாய்வுக்காக என் அப்பாவுடன் ஊரிலிருந்து ரயிலேறி கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அரங்கில் பெரிய திரை. எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று எண்கள் குறைந்துகொண்டே வரும். நான் மனத்தில் வைத்திருந்த இடம் கண்ணெதிரே பூஜ்யமானது. அப்பாவும் நானும் அங்கேயே இரண்டு நிமிடம் பேசி வேறொன்றை எடுத்தோம். பிறகு சிங்கப்பூர் வந்து, குடியுரிமை பெற்று, இப்போது செங்காங்கில் இருக்கிறோம்.

என் மகன் சாதாரண நிலைத் தேர்வு ('ஓ' லெவல்) எழுதி, பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு (பாலிடெக்னிக்) ஜேஏஇ என்னும் கூட்டுச் சேர்க்கை மூலம் விண்ணப்பித்தான். அதில் விருப்ப வரிசைப்படி பன்னிரண்டு வரி எழுதலாம். அவனுடைய புள்ளி 12 (குறைவாக இருந்தால்தான் நல்லது). முதல் மூன்று வரிகளும் கணினித் துறை. அதில் இரண்டாவது இணையப் பாதுகாப்பு. கிடைத்தது நான்காவது வரி, கடல்சார் பொறியியல். கப்பல் பட்டறையில் இருக்கும் நண்பர் ஒருவர் சொன்னதால் நான் சேர்க்கச் சொன்னது அது. பக்கத்து புளோக்குப் பையன் 13 புள்ளி. அவன் இணையப் பாதுகாப்பை முதல் வரியில் போட்டான், கிடைத்துவிட்டது. (அவன் பள்ளியில் தேசியக் காவல் மாணவர் படைத் தலைவன், கெட்டிக்காரன்தான்.) நாங்களும் அதை முதலில் போட்டிருந்தால் கிடைத்திருக்குமா? கணினி தப்புச் செய்திருக்காதா? மகன் மூன்று நாளாகச் சரியாகப் பேசுவதில்லை.

மகள் 2027இல் தேர்வு எழுதுவாள். அவளுக்காவது எப்படிப் போடுவது? இன்னொன்று: அவள் பெயரில், இன்னாரின் மகள் என்று காட்டும் 'டி/ஓ' உண்டு. சில இணையப் படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்பதே இல்லை. இது பின்னால் பிரச்சினை ஆகுமா?

— செங்காங் வாசகர்

*

அன்புள்ள செங்காங் வாசகருக்கு,

கிடைக்காத இடத்தைக் கேட்டு மேல்முறையீடு செய்வது தொடர்பான அவசர விஷயத்தை, உங்கள் கடிதம் கிடைத்த இரவே மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். அந்தக் கதவு சில நாள்தான் திறந்திருக்கும். மற்றதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி, பிப்ரவரியில் இதே கேள்வி வெவ்வேறு வீடுகளிலிருந்து எனக்கு வருகிறது. கல்வி ஆலோசகராவதற்கு முன்பு மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் பல ஆண்டுகள் தொலைபேசி எடுத்தவன் நான். "முதலில் போட்டிருந்தால் கிடைத்திருக்குமா?" என்ற குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கிடைத்திருக்காது. இதை உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் விடை உங்கள் கடிதத்திலேயே அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. பக்கத்து புளோக்குப் பையன் சீருடைக் குழுவின் தலைவன். இணைப்பாட நடவடிக்கையில் மிகச் சிறப்பான நிலையை எட்டியவருக்கு இரண்டு போனஸ் புள்ளி கழியும். 13இலிருந்து இரண்டு போனால் 11. உங்கள் மகனுக்குப் போனஸ் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் அவர் 12லேயே நிற்கிறார். புள்ளி குறைந்தவர்தான் முன்னால் நிற்பார். ஆக, பிந்தியவன் முந்தவில்லை. கணினியின் கண்ணில் அந்தப் பையன்தான் ஒரு படி முன்னால் இருந்தான். முதல் வரி, இரண்டாம் வரி என்ற பேச்சுக்கே அங்கே இடம் வரவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதை உங்களுக்கு விளக்க எனக்குப் புது உதாரணமே தேவையில்லை. 2001இல் நீங்கள் உட்கார்ந்திருந்த அரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே ரேங்க் வரிசைப்படி கூப்பிட்டார்கள். உங்கள் முறை வந்தபோது உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எடுத்ததுபோக மிச்சம் எதுவோ, அதில் உங்களுக்குப் பிடித்ததை எடுத்தீர்கள். உங்களுக்குப் பின்னால் இருந்த ஒருவர், "எனக்கு அந்தக் கல்லூரிமேல் உயிர்" என்று எத்தனை சத்தம் போட்டாலும் உங்கள் இடத்தைப் பிடுங்க முடியாது. ஜேஏஇ செய்வதும் இதைத்தான். மாணவர்களைப் புள்ளி வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவரின் சீட்டையும் மேலிருந்து கீழாகப் படிக்கிறது. முதல் வரியில் இடம் இருக்கிறதா? இல்லை. இரண்டாவது? இல்லை. மூன்றாவது? இல்லை. நான்காவது? இருக்கிறது. கொடுத்துவிட்டு அடுத்த மாணவரிடம் போய்விடும். கலந்தாய்வு அரங்கில் உங்கள் நாற்காலியில் உங்களுக்குப் பதிலாகக் கணினி உட்கார்ந்திருக்கிறது. கையில் நீங்கள் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு வரிச் சீட்டு. அவ்வளவே.

ஆகவே கைக்கு எட்டாததை முதல் வரியில் போட்டதால் உங்களுக்கு எதுவும் குறைந்துவிடவில்லை. முதல் மூன்று வரிகள் 'வீணானது' என்று நீங்கள் நினைப்பது வேறு வகை அமைப்புகளுக்குத்தான் பொருந்தும். அப்படியும் அமைப்புகள் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பொதுப்பள்ளிச் சேர்க்கை 2005 வரை அப்படித்தான் நடந்தது. முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கு முதலில் இடம் கொடுத்து முடித்துவிட்டுத்தான் இரண்டாம் விருப்பக்காரர்களைப் பார்ப்பார்கள். அங்கே நல்ல பள்ளியை இரண்டாவது வரியில் எழுதினால் கதை முடிந்தது. அது முதல் சுற்றிலேயே நிரம்பியிருக்கும். விவரம் தெரிந்த பெற்றோர் உண்மையான ஆசையை மறைத்து, கிடைக்கக்கூடியதை முதல் வரியில் போட்டார்கள். விவரம் தெரியாதவர்கள் மனத்தில் உள்ளதை எழுதி ஏமாந்தார்கள். இந்த அநியாயத்தை எடுத்துக்காட்டி விதியை மாற்ற உதவியவர்களில் ஒருவரான ஆல்வின் ராத், 2012இல் லாய்டு ஷாப்லியுடன் பொருளியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஷாப்லியும் டேவிட் கேலும் அதற்கான அடிப்படைக் கணக்கை 1962லேயே எழுதி வைத்திருந்தார்கள். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கீழ்த்தளங்களில் இன்றும் சுற்றும் 'முதல் வரித் தந்திரம்' எல்லாம் பாஸ்டன் மாதிரி ஊருக்குச் செல்லும். இங்கே செல்லாது.

உயர்நிலை 1க்கு உங்கள் பிள்ளைகளைச் சேர்த்தபோதும் வரிசை இதுதான்: முதலில் பிஎஸ்எல்இ என்னும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண். ஒரு பள்ளியின் கடைசி இடத்துக்கு இரண்டு பேர் சமமாக வந்து நின்றால் குடியுரிமை, பிறகு விருப்ப வரிசை, அதற்கும் பிறகு கணினிக் குலுக்கல். சமமாக நிற்கும் அந்த ஒரு முடிச்சில்தான் விருப்ப வரிசை பேசும். அந்தச் சின்ன விதியைக் கேள்விப்பட்ட மக்கள் அதையே முழு விதியாக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் கணினி தப்பே செய்யாதா என்றால், கூட்டல் கழித்தலில் அது பெரும்பாலும் தப்புச் செய்வதில்லை. மனிதன் எழுதிக் கொடுத்த விதியில் தப்பு இருந்தால் அதையும் பிசகாமல் செய்யும். லண்டனில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் விண்ணப்பங்களைச் சலிக்க ஒரு நிரல் எழுதினார்கள். 1979இல் தயாரானது, சில ஆண்டுகளில் முதல் சுற்று முழுவதையும் அதுவே பார்த்தது. பழைய தேர்வுக்குழு யாரை எடுத்தது, யாரைத் தள்ளியது என்பதைப் பின்பற்றும்படி அமைத்ததால், பெண்களுக்கும் ஐரோப்பியர் அல்லாத பெயர் கொண்டவர்களுக்கும் அது புள்ளியைக் குறைத்துக்கொண்டே போனது. 1988இல் அந்நாட்டு இனச் சமத்துவ ஆணையம் விசாரித்துக் கண்டித்தது. நிரலுக்கு இனவெறி ஏதும் கிடையாது. அறைக்குள் உட்கார்ந்திருந்தவர்களிடம் ஏற்கனவே இருந்ததை அது எழுத்தில் கொண்டுவந்தது. அங்கே நம்மவர் ஒருவர் விண்ணப்பித்திருந்தால் பெயரே அவருக்கு எதிராகப் பேசியிருக்கும்.

2020இல் இங்கிலாந்தில் இன்னொன்று நடந்தது. கொரோனாவால் ஏ லெவல் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர்கள் கணித்த தரங்களை ஒரு கணக்கு முறை திருத்தியது. பள்ளியின் பழைய ஆண்டுத் தேர்ச்சியையும் அது கணக்கில் எடுத்தது. ஏறக்குறைய 40 விழுக்காட்டுத் தரங்கள் கீழே இறங்கின. பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். சில நாளில், ஆகஸ்ட் 17 அன்று, அந்தக் கணக்கைக் கைவிட்டு ஆசிரியர்களின் கணிப்புக்கே திரும்பினார்கள்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் ஜேஏஇ ரொம்பப் பழைய காலத்துக் குமாஸ்தா மாதிரி. உங்கள் மகனின் பெயரையோ பள்ளியையோ முகவரியையோ பார்த்து அது எதையும் ஊகிப்பதில்லை. எண்ணைப் பார்க்கிறது, சீட்டைப் பார்க்கிறது. எனக்கு அந்தக் குமாஸ்தாவைப் பிடிக்கும். ஆனால் அவருக்கு ஒரு குறை உண்டு. 2001இல் உங்கள் இடம் திரையில் மறைந்ததும் நீங்களும் உங்கள் அப்பாவும் இரண்டு நிமிடம் பேசினீர்களே, அந்த இரண்டு நிமிடத்தை அவர் தரமாட்டார். "கணினித் துறை மூன்றும் போய்விட்டதே, இனி என்ன செய்யலாம்?" என்று உங்கள் மகனைத் திரும்பிப் பார்த்துக் கேட்கமாட்டார். அந்தப் பேச்சை ஐந்தே நாளைக்குள் நீங்கள் முன்கூட்டியே பேசி முடித்துச் சீட்டில் எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நடந்ததா என்று தெரியவில்லை. நான்காவது வரியை நீங்கள் சேர்க்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். குத்திக் காட்ட இதைச் சொல்லவில்லை. நானும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கடல்சார் பொறியியல் மோசமான படிப்பும் அல்ல, துறைமுகத்தை நம்பி வளர்ந்த ஊர் இது. ஆனால் 'சும்மா இருக்கட்டும்' என்று எழுதும் வரி அந்தக் குமாஸ்தாவுக்குச் சும்மா இல்லை. அவருக்குப் பன்னிரண்டு வரியும் ஒரே எடைதான். நான்காவதில் இடம் இருந்தது, கொடுத்தார், நின்றுவிட்டார். ஐந்தாவது வரியை அவர் படிக்கவே இல்லை. தம்பி மூன்று நாளாகப் பேசாமல் இருப்பது பக்கத்து புளோக்குப் பையனால் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே மகளுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுதான், மற்றவை எல்லாம் அதன் கிளை. சீட்டை அவள் எழுதட்டும். கைபேசியில் வேண்டாம், முதலில் காகிதத்தில். ஒவ்வொரு வரிக்கும் அவளிடம் ஒரே கேள்வி: "இதற்கு மேலே உள்ள எல்லாம் போய்விட்டன. நாளைக் காலை பெருவிரைவு ரயில் ஏறி இந்த வகுப்புக்குப் போவாயா?" போவேன் என்றால் வரி இருக்கட்டும். தயங்கினால் அடித்துவிடுங்கள், அல்லது கீழே இறக்குங்கள். அதற்காகப் பாதி வரிகளை வெறுமையாக விடவும் கூடாது. மேலே கனவு, நடுவே கைக்கு எட்டுவது, கடைசி இரண்டு மூன்று வரிகளில் நிச்சயம் கிடைப்பதும் அவள் வெறுக்காததும். ரயில் என்று நான் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. செங்காங்கிலிருந்து தெம்பனிசுக்கும் உட்லண்ட்சுக்கும் டோவருக்கும் போகிற பயணம் ஒன்றல்ல. ஒரே மாதிரிப் பெயர் கொண்ட பாடத்திட்டம் ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மூன்றில் இருக்கும். குறியீட்டில் ஓர் எழுத்து மாறினால் போக வேண்டிய ஊரே மாறிவிடும். அலுவலகத்தில் இருந்தபோது இப்படித் தவறான குறியீட்டைப் போட்டுவிட்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அனுப்பியபின் வரும் உறுதிப்படுத்தும் பக்கத்தைச் சேமித்து, குறியீட்டையும் பெயரையும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபாருங்கள். சிங்பாஸ் (அரசாங்க இணைய அடையாளக் கணக்கு) கடவுச்சொல்லை முதல் நாளே சோதித்துவிடுங்கள். கடைசி நாள் கடைசி மணி நேரத்தில் கடவுச்சொல் மறந்த குடும்பங்களின் அழைப்பு எனக்கு எந்த ஆண்டும் வராமல் இருந்ததில்லை.

'கட் ஆஃப்' பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டிலிருந்து வந்த பெற்றோர் பலரும் அதை வாசலில் எழுதி வைத்த விதியாக நினைக்கிறார்கள். நீங்கள் பார்க்கும் எண், போன ஆண்டு கடைசியாக உள்ளே போனவருடைய புள்ளி. இந்த ஆண்டு யார் யார் விண்ணப்பிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். அதிலும் போனஸ் கழிந்த எண்ணைத்தான் போட்டிருப்பார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு ஐந்து பாடங்களைக் கூட்டும் முறையும் துறைக்குத் துறை வேறு. வணிகத்துக்கு ஒரு கூட்டு, பொறியியல், அறிவியலுக்கு ஒன்று, வடிவமைப்புக்கு இன்னொன்று. ஒரே பிள்ளைக்கு ஒரு துறையில் 12 வரும், இன்னொன்றில் 15 வரும். வீட்டில் எக்செல் தாள் போடும் அப்பாக்கள் ஒரே எண்ணை எல்லாப் பத்தியிலும் ஒட்டிவிடுகிறார்கள். தேர்வு முடிவோடு பிள்ளைக்குக் கிடைக்கும் படிவத்தில் எந்தெந்தப் பாடத்திட்டத்துக்குத் தகுதி உண்டு என்று அச்சாகி வரும். எக்செல்லுக்கு முன்னால் அதைப் படியுங்கள்.

மகளின் தொகுதிக்கு இன்னும் ஒரு மாற்றம். அவள் எழுதப்போவது சாதாரண நிலைத் தேர்வு அல்ல, 2027இல் முதன்முதலாக நடக்கும் எஸ்இசி என்னும் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு. தொடக்கக் கல்லூரிக்கு இதுவரை ஆறு பாடங்களைக் கூட்டி 20க்குள் வர வேண்டும் என்றிருந்தது. 2028 சேர்க்கையிலிருந்து ஐந்து பாடங்கள், 16க்குள். பலதுறைத் தொழிற்கல்லூரிக் கணக்கும் மாறுகிறது. ஆகவே அண்ணன் காலத்துக் கட் ஆஃப் பட்டியலைப் பத்திரப்படுத்தி வைக்காதீர்கள், அது தங்கைக்கு உதவாது. அவளுக்கு ஏதாவது ஒன்றில் உண்மையான ஈடுபாடு இருந்தால் இஏஇ என்னும் முன்கூட்டிய சேர்க்கை வழியைப் பாருங்கள். தேர்வு முடிவுக்கு முன்பே, உயர்நிலை 4இல் இருக்கும்போதே விண்ணப்பிப்பது அது. அங்கே மனிதர்கள் உட்கார்ந்து அவள் செய்ததைப் பார்த்து, அவளிடம் கேள்வி கேட்பார்கள். நீங்கள் தேடும் அந்த இரண்டு நிமிடம் இருப்பது அங்கேதான். ஆனால் அந்த இடத்தை ஏற்றுக்கொண்டால், நிபந்தனையாகச் சொன்ன குறைந்தபட்சத் தகுதியை எட்டிவிட்ட பிறகு பொதுச் சேர்க்கைப் பக்கம் வர முடியாது. "அதையும் வாங்கி வைத்துக்கொண்டு இதையும் பார்ப்போம்" என்பது நடக்காது.

இனி அந்தச் சாய்கோடு. இதை எழுதும்போது கொஞ்சம் கோபம் வருகிறது, மன்னிக்கவும். கணினிப் படிவங்களைப் பெரும்பாலும் எழுதியவர்களின் ஊரில் பெயர் என்றால் முன்னால் ஒன்று, பின்னால் குடும்பப் பெயர் ஒன்று. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; அப்பா பெயர் இருக்கிறது. நடுவே 'எஸ்/ஓ', 'டி/ஓ'. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டு பட்டியல்களைச் சேர்த்தபோது சாய்கோடுள்ள ஒரு மாணவியின் பெயர் இரண்டு ஆட்களாகப் பிரிந்துவிட்டது. ஒருவருக்கு மதிப்பெண் இருந்தது, இன்னொருவருக்கு விண்ணப்பம் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்க மூன்று நாளானது.

கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 44 இடம். பெயருக்கு 39. அங்கே ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், ஒரு நிரப்புக் குறி ஆகியவற்றுக்குத்தான் அனுமதி, சாய்கோட்டுக்கு இல்லை. ஆகவே மகளின் கடப்பிதழ் மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் பெயரைக் காட்டினால் பதற வேண்டாம், அது ஆவணப் பிழை அல்ல. உள்ளூர்ச் சேர்க்கையில் பெரும்பாலும் தொல்லை இருக்காது, சிங்பாஸ் மூலம் அடையாள எண் வந்துவிடுகிறது. பின்னாளில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ விசாவுக்கோ விண்ணப்பித்தால்தான் கவனம் தேவை. சாய்கோட்டை ஏற்காத படிவத்தில் அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எழுத்துகளைக் கடப்பிதழில் உள்ளபடியே எழுதட்டும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. ஓரிடத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகவும் இன்னோரிடத்தில் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராகவும் போட்டால்தான் வினை. கூடவே, இரண்டும் ஒரே ஆள் என்று சொல்லும் ஒரு பக்கக் கடிதத்தைப் பள்ளியிலிருந்து முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம். அழகான தீர்வு இல்லைதான்.

தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். அன்றிரவு மின்னஞ்சலில் உங்களிடம் ஒன்று கேட்டிருந்தேன்: கணினி படிக்காமல் விட்ட ஐந்தாவது வரியில் என்ன இருந்தது? நீங்கள் தெரியாது என்றீர்கள். மறுநாள் தம்பியே பதில் எழுதினார். தரவுப் பகுப்பாய்வு. இந்த ஆண்டு அங்கே கடைசியாக நுழைந்தவரின் புள்ளி 13, தம்பி அதைத் தாண்டிவிட்டார். மேல்முறையீட்டில் பார்ப்பது இதைத்தான்: அந்த ஆண்டின் கட் ஆஃபை எட்டியிருக்கிறீர்களா, பிறகு இடம் காலியாக இருக்கிறதா. முதலாவது அவர் கையில் இருந்தது, இருக்கிறது. இரண்டாவது யார் கையிலும் இல்லை.

நேற்று மாலை மேல்முறையீட்டை அனுப்பிவிட்டாராம். குறியீட்டை அப்பா வாசிக்க, தான் சரிபார்த்ததாக எழுதியிருக்கிறார். இடம் வராவிட்டால் கடல்சார் பொறியியல் வகுப்பில் போய் உட்காரச் சொல்லுங்கள், முதல் பருவம் முடிந்ததும் துறை மாற்றம் பற்றிக் கேட்கலாம். கிடைத்த இடத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் இப்போது விடவேண்டாம்.